கருத்து சரியாக இருந்தும் கைப்பணம் போவது ஏன்?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்துவிட்டால் காரைக்குடியில் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஓய்வு கிடையாது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் காகிதக் கட்டில் முன்பெல்லாம் வைப்புத்தொகையின் வட்டிச் சான்றிதழும் வாடகைக் கணக்கும்தான் இருக்கும். இப்போது பங்குத் தரகு நிறுவனத்தின் லாப நட்ட அறிக்கையும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து வருகிறது. அதில் பங்குகளைவிட ஆப்ஷன் வணிகமே அதிகம்; அதாவது ஒரு பங்கையோ சந்தைக் குறியீட்டையோ குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவது, விற்பது. செய்தவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் தந்தையாகவோ இருக்கிறார். நட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், "நாடு வளருது சார், பட்ஜெட் நல்லா வரும்னு நெனச்சுத்தானே வாங்குனேன்" என்கிறார்கள். நாட்டைப் பற்றிய அந்தக் கணிப்பு பல நேரம் சரியாகவே இருந்திருக்கிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை. பட்ஜெட்டுக்காகவே அன்று சந்தை திறந்திருந்தது. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரி இல்லை என்ற அறிவிப்பைச் சம்பளக்காரர் வீடுகள் கொண்டாடின. ஆனால் அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஏறியது 5 புள்ளிதான். மற்றொரு குறியீடான நிஃப்டியோ சுமார் 26 புள்ளி இறங்கி 23,482இல் முடிந்தது. நல்ல பட்ஜெட் வரும் என்று நம்பிய ஒருவர், நிஃப்டி 23,500ஐத் தாண்டினால் பயன் தரும் கால் (call) ஆப்ஷனை முதல் நாள் 250 ரூபாய் பிரீமியம், அதாவது அந்த உரிமைக்கான விலை, கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அதைக் கடைசிவரை வைத்திருந்தால், அந்த உரிமை முடியும் காலாவதி நாளில் நிஃப்டி 23,750ஐ எட்டினால்தான் அவருக்குப் போட்ட முதலாவது திரும்பும். பெரிய அறிவிப்புக்கு முன்னால், என்ன நடக்குமோ என்ற எதிர்பார்ப்பே பிரீமியத்தை ஏற்றி வைத்திருக்கும். உரை முடிந்து அந்த எதிர்பார்ப்பு அடங்கியதும், குறியீடு அசையாமல் நின்றாலும் பிரீமியம் இறங்கிவிடும், அதன்பின் கழிகிற ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கரையும். எவ்வளவு ஏற வேண்டும், எந்தத் தேதிக்குள் ஏற வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துக் கணிக்கத் தெரியாதவருக்கு, பட்ஜெட் நல்லது என்ற கருத்தால் அந்த வணிகத்தில் பயனில்லை.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே மூன்றாண்டில் நிஃப்டி ஏறத்தாழ 14,700இலிருந்து 22,300க்கு உயர்ந்தது. சந்தை ஏறிய காலத்திலேயே இவ்வளவு பேர் இழந்திருக்கிறார்கள்.

சந்தை ஏறினால் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சும் இதைப் போன்றதுதான். 2020-21இல் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 6 விழுக்காடு சுருங்கியது. 2020 மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே விழுந்த சென்செக்ஸோ, அடுத்த ஜனவரியிலேயே 50,000ஐத் தொட்டது. அது 30 பெரிய நிறுவனங்களின் வருங்கால லாபத்துக்குச் சந்தை வைக்கும் விலை. அந்த ஆண்டு வேலையின்றி நின்ற ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு அதில் இடமில்லை.

அரசுச் செலவைப் பற்றிய விவாதத்திலும் தொகைகளைப் பார்த்துப் பேசுவோர் குறைவு. இலவசங்களால் நாடு திவாலாகும் என்கிறவர்கள், 2025-26 மத்திய பட்ஜெட்டின் 50.65 லட்சம் கோடியில் 12.76 லட்சம் கோடி, அதாவது கால் பங்கு, பழைய கடனுக்கான வட்டிக்கே போவதைக் கவனிப்பதில்லை. சாலை, ரயில் போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவான 11.21 லட்சம் கோடியைவிட அது பெரிது. ரயில்வேக்கு அதிகம் ஒதுக்குகிறார்கள், ஆகவே ரயில்வே பங்கை வாங்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒதுக்கீடு ஒப்பந்தமாகி, வேலை முடிந்து, பில் பாஸாகி லாபமாக மாற ஆண்டுகள் ஆகும். பங்கின் விலையில் அந்த எதிர்பார்ப்பு முன்பே ஏறியிருக்கும்.

1930களில் பர்மாவில் நெல் விலை விழுந்து, அங்கே வட்டிக்கடை நடத்திய நம் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குக் கடனுக்கு ஈடாக வந்த நிலமும் பின்னர் அந்நாட்டு அரசின் முடிவால் கைவிட்டுப் போனதைக் குடும்பக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரே கணிப்பின்மேல் முழு முதலையும் வைக்காதீர்கள் என்று இந்த ஊரில் உரிமையோடு சொல்லலாம்.

பணிக்கொடைப் பணத்தை ஆப்ஷனில் போட நினைக்கும் ஓய்வூதியர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அந்த நட்டம் வணிக நட்டம். ஓய்வூதியம் சம்பள வருமானத்தில் சேர்வதால், அதற்கான வரியை இந்த நட்டத்தைக் காட்டிக் குறைக்க முடியாது. அதே ஆண்டின் வைப்புத்தொகை வட்டியிலும் வாடகையிலும் கழிக்கலாம். மிஞ்சியதை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு வணிக வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம், அதுவும் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால்தான். நட்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று அறிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள், அடுத்த முறை அதையும் எடுத்துவர வேண்டும்.