மாடு தின்ற கடுகும் நான்கு வெள்ளி அணுக்களும்

புளியரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, தாத்தாவோட பழைய கேமரா பரண்ல கிடைச்சுது. கறுப்பு வெள்ளை ரோல் போட்டுப் பாக்கணும்னு ஆசை. சாரல் நேரத்துக்கு 100 வாங்கவா, 400 வாங்கவா?"

400 வாங்குங்கள். இந்த எண் பிலிமின் வேகம், எண் பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக்குப் போகிற பாதையில் காலை பத்து மணிக்கே சாயங்காலம் மாதிரி இருக்கும். அங்கே 400 ரோலுக்கு ஷட்டர் 1/250 நொடி வைக்க முடிகிறது என்றால், 100 ரோலுக்கு 1/60 நொடிதான். கை நடுங்கும், குடை பிடித்து நடக்கிறவர் கலங்கிப் போவார். மாசி, பங்குனி வெயிலில் அறுத்த வயலை எடுப்பதற்கு 100, 125 போதும். படமும் வழவழவென்று வரும்.

கடைக்காரர் சொல்கிற பதில் இவ்வளவுதான். 400 ஏன் வேகமானது, ஏன் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று கேட்டால்தான் எனக்கு உற்சாகம் வரும்.

பிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. படிகம் பெரிதாக இருந்தால் அதன்மேல் விழும் ஒளியும் அதிகம். அதனால் 400-இல் படிகங்கள் பெரியவை. பிரிண்டில் தெரிகிற மணல் மணலான தன்மைக்கும் அதுவே காரணம். சரி, ஒளி விழுந்ததும் படிகத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒரு போட்டான், அதாவது ஒளித்துகள், உள்ளே நுழைந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டி எழுப்புகிறது. அது அலைந்து திரிந்து, படிகத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு பழுதில் போய் மாட்டிக்கொள்கிறது. இடம் விட்டு இடம் நகரக்கூடிய வெள்ளி அயனி (மின்சுமை ஏறிய வெள்ளி அணு) ஒன்று அந்த மின்சுமையால் இழுக்கப்பட்டு அங்கே வந்து சேருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வெள்ளி அணு. அடுத்த போட்டான், அடுத்த எலக்ட்ரான், அதே இடத்தில் இன்னோர் அணு. 1938-இல் கர்னி, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சொன்ன விளக்கம் இது. மாட் பிற்பாடு வேறொரு வேலைக்காக 1977-இல் நோபல் வாங்கினார்.

செங்கோட்டை ஸ்டாண்டில் நிற்கும் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஏறி உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், பொறுமை போய் இறங்கிவிடுவார். ஒற்றை வெள்ளி அணுவும் அப்படித்தான், சில நொடிகளில் கலைந்துவிடும். இரண்டு பேர் ஆகிவிட்டால் பேச்சுத் துணை உண்டு, இறங்க மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும். படிகத்திலும் ஏறக்குறைய நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம், அதைக் கண்டுகொள்ளும்.

இதை வைத்தே குற்றாலத்து அருவிப் படக்காரர்களின் ஒரு தலைவலியைப் புரிந்துகொள்ளலாம். தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழ வேண்டும் என்று ஷட்டரை நீளமாகத் திறக்கிறோம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 நொடி என்கிறது. எச்பி5-க்கு நிஜத்தில் 20 நொடி கொடுக்க வேண்டும். வெளிச்சம் மந்தமாக இருப்பதால் இரண்டாவது ஆள் வருவதற்குள் முதல் ஆள் இறங்கிப் போய்விடுகிறார்.

நான்கு அணு சேர்ந்த படிகத்தை டெவலப்பரில் போட்டால் முழுப் படிகமும் வெள்ளியாகிவிடும். ஒரு படிகத்தில் ஏறத்தாழ நூறு கோடி வெள்ளி அயனிகள். நான்கு அணு இழுத்த இழுப்புக்கு நூறு கோடி வருகின்றன! உறை மோர் ஒரு சொட்டு விழுந்த பால் மட்டும் தயிராகி, பக்கத்துப் பாத்திரத்துப் பால் பாலாகவே இருப்பது போல. அதிக நேரம் விட்டால் உறை ஊற்றாத பாலும் புளிக்கும் அல்லவா, பிலிமிலும் அப்படி நடக்கும். அதற்குத்தான் ஃபாக் என்று பெயர். மிச்சமுள்ள படிகங்களை ஹைப்போ என்ற ரசாயனம் கரைத்துவிடுகிறது. அந்த வேலையை அது செய்யும் என்று ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுவிட்டார், போட்டோகிராபியே பிறக்காத காலத்தில்.

எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் அந்தப் பழுது எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1920-களில் ராச்செஸ்டரில் இருந்த கோடாக் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதிர். ஒரே செய்முறை, ஒரே வெள்ளி. ஜெலட்டினை மட்டும் மாற்றினால் ஒரு தடவை பிலிம் வேகமாக இருக்கிறது, மறு தடவை சோம்பேறியாக இருக்கிறது. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, 1925-இல் குற்றவாளியைப் பிடித்தார்: மிகச் சிறிதளவே இருந்த கந்தகச் சேர்மங்கள். அந்தத் தேடலில் அகப்பட்டது கடுகு எண்ணெயின் காரச் சத்து, நம் வீட்டில் கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதே பொருள். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து அது வந்தது என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட விளக்கம். அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடாகத் துளித் துளியாக ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரானுக்கு உட்கார இடம் கிடைக்கிறது. பிற்பாடு தங்கத்தையும் சேர்த்து வேகத்தை இன்னும் கூட்டினார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஊட்டி ஞாபகம் வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது, 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 'இந்து' (INDU) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டார்கள். இப்போது இல்லை. காரணங்கள் பல இருக்கும். என் கட்சி ஒன்றுதான்: தொழிற்சாலைக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை, மாடு என்ன தின்றது என்று வருடக்கணக்கில் யோசிக்கிற ஆளுக்கும் ஒதுக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பிரயோசனம்" என்று கேட்கிற நாட்டில் ஷெப்பர்டுக்குச் சம்பளம் கிடைத்திருக்காது. மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்தால் ஆகாது, அடிக்கடி எடுத்தால் ஆயுசு குறையும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்களைத் தனியாக என்ன சொல்ல. போட்டானுக்கு எண்ணத் தெரியாது.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளி புரோமைடுக்குத் தானாக நீலம் மட்டுமே தெரியும். 1873-இல் வோகல் என்ற ஜெர்மானியர், படிகத்தில் சாயம் ஏற்றினால் மற்ற நிறங்களும் தெரியும் என்று கண்டார். முதலில் பச்சை வரை வந்தது, சிவப்பு பின்னால் வந்தது. நடுவில் இருந்த பிலிம்களில் எடுத்த பாட்டிமார் படங்களில் குங்குமப் பொட்டு மை போல் கறுத்திருப்பதற்கு அதுவே காரணம். இன்றைய பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பும் தெரியும். அதனால் ஸ்டூடியோ இருட்டறையின் சிவப்பு பல்பை நம்பி ரோலைத் திறந்துவிடாதீர்கள். அது பிரிண்ட் போடும் காகிதத்துக்கு.

லென்ஸின் முன் மாட்டும் சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கறுப்பாக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கிவிடாதீர்கள். அது கறுப்பாக்குவது நீல வானத்தை. சாரலில் நீலம் எங்கே இருக்கிறது? அதோடு எட்டு மடங்கு வெளிச்சத்தை வேறு தின்றுவிடும். நம் பக்கத்துச் சிக்கல் பச்சை. நெல், தென்னை, ரப்பர் எல்லாம் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர் ஒன்று இருந்தால் இளம் பச்சை கொஞ்சம் வெளுத்து, தனியே பிரிந்து நிற்கும்.

வெளிச்சம் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நிழல் பகுதியில் நான்கு அணு சேராத படிகத்தை எத்தனை நிமிடம் டெவலப் செய்தாலும் அங்கே எதுவும் வராது.

கழுவக் கொடுக்கும்போது "இது கறுப்பு வெள்ளை" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போகிறபோது எடுத்த ஒரு ரோலை ஒரு லேபில் கொடுத்தேன். கலர் ரோல் என்று நினைத்து அந்த ரசாயனத்தில் போட்டுவிட்டார்கள். கலர் ரோலில் சாயம்தான் படம், வெள்ளியைக் கடைசியில் அகற்றிவிடுவார்கள். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே படம். 36 பிரேமும் கண்ணாடி போலத் திரும்பி வந்தன.

அதற்கப்புறம் வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். தென்காசிக் குழாய்த் தண்ணீர் அதைக் கேட்காது. தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, டெவலப்பர் பாட்டிலை அதற்குள் நிறுத்தி வைத்தால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். கழுவிய பிலிமைக் குளியலறையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், ஃபேன் போடாதீர்கள், தூசி ஒட்டும். சாரலில் காய்வதற்கு மறுநாள் காலை ஆகும்.