கெளுத்தி பிடிக்கப் போகிறீர்களா? பையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும்

முதல் தடவையாகக் கெளுத்தி பிடிக்கப் போய், கையைக் குத்திக்கொண்டு வருபவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். எப்படி ஆயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். மீன் மாட்டியது, கரைக்கு இழுத்தாயிற்று, தூண்டில் முள்ளைக் கழற்றும்போது துள்ளிவிட்டது. எந்த இரை, எந்த இடம் என்று நாள்கணக்கில் யோசித்தவர்கள்கூட, மீன் கைக்கு வந்தபிறகு என்ன செய்வது என்று யோசித்திருக்க மாட்டார்கள். திட்டத்தை அந்த இடத்திலிருந்து போட ஆரம்பியுங்கள்.

பலரும் மீசையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மீசை ஒன்றும் செய்யாது. கலங்கிய தண்ணீரில் இரையைத் தடவிச் சுவை பார்க்கும் உறுப்பு அது. குத்துவது துடுப்பில் இருக்கும் முள். பெரும்பாலான கெளுத்திகளுக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள் உண்டு. மிரண்டால் இவற்றை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் ஓரம் ரம்பம் போல இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளை மூடிய மெல்லிய தோலில் நஞ்சுச் செல்கள் இருக்கின்றன. தோல் கிழிந்ததும் நஞ்சு காயத்தில் இறங்கும். தேளி என்ற கெளுத்தி வகை குத்தினால் கடுப்பு தேள் கொட்டியது போலவே ஏறும். சின்ன மீன்தானே என்று உள்ளங்கையில் வைத்து அமுக்காதீர்கள். குட்டியின் முள் ஊசி மாதிரி இருக்கும், வளர வளரத்தான் முனை மழுங்கும். செத்த மீனின் முள்ளும் குத்தும், பையைத் துளைத்துக்கொண்டுகூட.

அதனால் புதிதாகப் பழகுபவர்கள் மீனைக் கையால் பிடிக்கவே வேண்டாம் என்பேன். வலையில் ஏந்தித் தரையில் வையுங்கள். மீன் பிடிக்கும் கவ்வியால் கீழ்த்தாடையைக் கவ்வி, நீள மூக்குக் குறடால் தூண்டில் முள்ளைத் திருப்பி எடுங்கள். மீன் தூண்டிலை முழுங்கியிருந்தால் தூண்டில் நரம்பை, அதாவது முள்ளைக் கட்டிய இழையை, வாயருகே நறுக்கிவிடுங்கள், விரலை உள்ளே விட வேண்டாம். வளைந்து உள்நோக்கித் திரும்பும் வட்டத் தூண்டில் வாங்கினால் பாதி வேலை மிச்சம். அது பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும். ஆனால் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நிதானமாகச் சுற்றினாலே போதும்.

சரி, குத்திவிட்டது. அப்போதுதான் அந்த ஃபிளாஸ்க். இந்த நஞ்சு சூட்டில் செயலிழக்கும். முதலில் காயத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரோடு பச்சைத் தண்ணீர் கலந்து, 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், தாங்கக்கூடிய சூட்டில் 30 முதல் 90 நிமிடம் கையை முக்கி வையுங்கள். ஆறினால் கையை வெளியே எடுத்துவிட்டு மறுபடி சுடுநீர் சேருங்கள். சூடு பார்ப்பது குத்துப்படாத கையால். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது. நஞ்சுக்கு வைத்தியம் செய்யப் போய்க் கொப்புளத்தோடு வந்தவர்களும் உண்டு. கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம்.

வலி போனதும் பலர் விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதற்கப்புறம்தான். முள்ளின் துணுக்கு உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் பல நேரம் தெரியும். நன்னீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஒரே நாளில் கையை வீங்க வைத்துவிடும். மூட்டிலோ உள்ளங்கையிலோ ஆழமாகக் குத்தினாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் சின்னக் குத்துக்கே வந்துவிடுவது நல்லது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டியிருக்கும். கிளம்புமுன்பே அதைப் பார்த்து வையுங்கள்.

மீன் கிடைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெளுத்தி வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் நன்றாக மேயும். ஆனால் முதல் பயணத்துக்கு நடு இரவு வேண்டாம். வெயில் சாயும்போது போய் இருட்டு கட்டுமுன் திரும்பலாம். படகும் தேவையில்லை. ஆற்று வளைவில் இருக்கும் மடு, விழுந்த மரத்தின் ஓரம், குளத்தில் சட்டென்று ஆழம் இறங்கும் இடம், இவற்றில் அடித்தரையில் இரை கிடக்க வேண்டும். 6 அல்லது 7 அடித் தூண்டில்கோல், நரம்பில் நகரும் ஈயக்குண்டு, மண்புழு அல்லது கோழி ஈரல் போதும். உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள் உள்ள மீன், வாடை பிடித்து அதுவே தேடி வரும். அந்த நீர்நிலையில் பிடிக்க அனுமதி தேவையா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். சரிவு குறைந்த கரையாகப் பாருங்கள். தண்ணீரில் இறங்குவதானால் கெட்டி அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும், சேற்றில் கிடக்கும் கெளுத்தியை மிதித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் வந்தால், கரையில் நிற்கும்போதே அவர்களுக்கு உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டால் கோலை மடக்கக்கூட நிற்க வேண்டாம், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். அப்படியே கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகு திரும்பி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.