கூட்டல் சொல்லாமல் விட்டுவிடும் தொகை

காரைக்குடியில் பலகாரம் போடுபவர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர்கள் எனப் பலருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். பேரேட்டை விட்டு எக்செல்லுக்கும் கூகுள் ஷீட்ஸுக்கும் வந்தவர்கள்கூட, கால்குலேட்டரில் போட்ட விடையைத்தான் அதில் அடித்து வைக்கிறார்கள். விலை மாறினால் அந்த விடை மாறாது. அப்புறம் ஷீட் எதற்கு?

விடைக்குப் பதில் கணக்கையே கட்டத்தில் எழுதுவதுதான் சூத்திரம் (ஃபார்முலா). அது = குறியில் தொடங்கும். ஏ வரிசையில் சீப்புச் சீடை, தேன்குழல் என்று பெயர்கள், பி-யில் கிலோ, சி-யில் ஒரு கிலோ விலை. டி வரிசையின் இரண்டாம் வரியான டி2 கட்டத்தில் = போட்டு, பி2-வைச் சொடுக்கி, * போட்டு, சி2-வைச் சொடுக்கி என்டர் தட்டுங்கள். 5 கிலோ, 450 ரூபாய் என்றால் 2,250 வந்துவிடும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு வரும். மொத்தத்துக்கு, வரிகளைக் கூட்டித் தரும் ஆட்டோசம் (Σ) பொத்தான் போதும்.

சரி, இனிதான் கவனம் வேண்டும். கட்டத்தில் '5 கிலோ' என்று அடித்தால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பெருக்கினால் பிழை என்று உடனே காட்டிவிடும். ஆட்டோசம் போடும் கூட்டல் அப்படியில்லை, எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பலகாரம் போடும் ஓர் ஆச்சியின் செலவுக் கணக்கில் எண்ணெய் 'ரூ.3200', மாவு 1800, விறகு 900 என்று இருந்தது. மொத்தம் 5,900 வர வேண்டும், வந்தது 2,700. மூன்று வரி என்பதால் கண்ணில் பட்டது. ஒரு மாதக் கணக்கென்றால் யார் பார்ப்பார்கள்? செலவு குறைந்து தெரியும், லாபம் இருப்பதாக நம்பி விலையைக் குறைத்து வைப்பார்கள். "ஆச்சி, ரூபாயைத் தலைப்பில் எழுதுங்க, கட்டத்துல வெறும் எண் போதும்" என்றேன். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசி வரிக்குக் கீழே புதிதாகச் சேர்த்ததும் மொத்தத்தில் விழாமல் போகலாம். சூத்திரத்தைச் சொடுக்கி, எந்த வரிவரை எடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

வரி விகிதத்தைச் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய கார வகைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. விகிதத்தை ஜி1-இல் 12% என்று தனியாக வைத்திருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தை மாற்றினால் வேலை முடிந்தது. சூத்திரத்தில் ஜி1-ஐச் சொடுக்கியதும் எஃப்4 விசையைத் தட்டுங்கள். $ குறிகள் வந்து, இழுக்கும்போது அது நகராமல் நிற்கும். விகிதத்தை மாற்றும் முன் பழைய பில்கள் உள்ள ஷீட்டைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் போன மாத பில்லின் வரியும் சேர்ந்தே மாறிவிடும்.