மாப்பாவை: ‘பப்பெட்’ என்னும் சொல்லும் அதற்கான தமிழும்

ஊரார் கூடி நடத்தும் நாடகத்தில் யானையோ குதிரையோ மேடையேற வேண்டுமானால், பிரம்பாலும் மூங்கிலாலும் கூடு கட்டி, துணி போர்த்தி, ஆட்களே உள்ளே நின்று அதை நடத்துவார்கள். ஆங்கிலத்தில் இதுவும் பப்பெட்தான். தமிழில் எழுதுவோர் பலரும் இதை ‘ராட்சதப் பொம்மை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். பொம்மை என்றால் கொலுப்படியில் அசையாமல் இருப்பதும் பொம்மைதான். ஆட்டுவிக்கப்படுவது என்ற பொருள் அச்சொல்லில் இல்லை.

‘பப்பெட்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘பூப்பா’. சிறுமி, பொம்மை என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. அதே வேரின் குறுக்க வடிவமான ‘பூப்பில்லா’, அதாவது சின்னஞ்சிறு பொம்மை, கண்மணிக்குப் பெயராயிற்று. எதிரில் நிற்பவரின் கண்ணுக்குள் பார்த்தால் நம் உருவம் சிறு பொம்மைபோல் தெரிவதே அதற்குக் காரணம். தமிழின் ‘பாவை’யும் இதே வழியில் நடந்திருப்பதுதான் வியப்பு. பாவை என்றால் பெண், பாவை என்றால் பொம்மை, கண்ணின் கருமணிக்குள் இருப்பதும் பாவை. ‘கருமணியிற் பாவாய்நீ போதாயாம்’ என்னும் குறளில் காதலன் அந்தக் கண்மணிப் பாவையைத்தான் விலகச் சொல்கிறான். இரு மொழிகளுக்கும் உறவு இருப்பதாக இதனால் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரே காட்சியைக் கண்டவர்கள் தனித்தனியே ஒரேமாதிரி பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆட்டுவிக்கப்படும் உருவம் என்ற பொருளும் பாவைக்குப் பழையது. ‘நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று’ என்பது 1020ஆம் குறள். மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பாகும் என்கிறது. தோற்பாவைக் கூத்து இன்றும் வழங்கும் பெயர். பிறர் சொற்படி ஆடும் அரசைக் ‘கைப்பாவை அரசு’ என்று நாளிதழ்கள் எழுதாத வாரமில்லை. ஆகவே பப்பெட்டுக்கு நேர்ச்சொல் பாவையே. பொம்மலாட்டமோ தெலுங்கின் ‘பொம்மலாட்ட’த்திலிருந்து வந்தது, நடுவில் நிற்கும் ‘ல’ அம்மொழியின் பன்மைச் சாயல்.

ஆனால் பெண்ணைக் குறித்துத் தொடங்கிய சொல்லை யானைக்கும் குதிரைக்கும் போர்த்தும்போது ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். இந்த இடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைப் பார்ப்பது பயன்தரும். அங்கே நைஜர் ஆற்றங்கரை ஊர்களில் இளைஞர் சங்கங்கள் நடத்தும் விழாவுக்குப் பாமனா மொழியில் ‘சோகோ போ’ என்று பெயர். சோகோ என்றால் விலங்கு, போ என்றால் வெளிவருதல். பொம்மை என்ற பேச்சே அப்பெயரில் இல்லை. விலங்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். கோலில் செருகிய மரத்தலை முன்னே நீண்டு அசைய, துணியோ புல்லோ போர்த்திய கூட்டுக்குள் மறைந்திருக்கும் ஆட்கள் முரசுக்கும் பெண்களின் பாட்டுக்கும் ஏற்ப ஆட, அந்த விலங்கின் முதுகிலிருந்தே சிறு பாவைகள் தலைநீட்டுவதும் உண்டு. பெரிய உருவத்துக்குச் ‘சோகோபா’ என்று பெயர். ‘பா’ என்பது பெரியது எனப் பொருள்படும் ஒட்டு. மார்க்கலா ஊரின் இந்த விழாவை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மரபைச் சேர்ந்த மாலியின் சோகோலோன் குழுவும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ள ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக் குழுவும் சேர்ந்து 2004இல் ஒரு நாடகம் போட்டன. எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி பிரெஞ்சு மன்னருக்கு அனுப்பி, கப்பலில் மார்சேய் துறைமுகம் வந்திறங்கி, 1827இல் அங்கிருந்து பாரிஸ் வரை நடந்தே சென்ற ஒட்டகச்சிவிங்கியின் கதை அது. அதன் கூட்டுக்குள் இருவர் பொய்க்கால் கட்டி நின்றனர். அந்த ஒட்டகச்சிவிங்கியின் புகழ்தான் 2007இல் லண்டன் மேடைக்குக் குதிரை செய்யும் வேலையை ஹேண்ட்ஸ்பிரிங் குழுவுக்குக் கொண்டுவந்தது. பிரம்பை வளைத்துக் கட்டிய அந்தக் குதிரைக்குள் இருவர். தலையைப் பிடித்து வெளியே ஒருவர். காதைத் திருப்புவது சைக்கிள் பிரேக் கம்பி. முன்னங்காலுக்குரியவர் முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்தால் குதிரையின் மார்பு ஏறி இறங்கும். ஆட்கள் கண்ணெதிரே தெரிந்தும் பார்ப்பவர் குதிரையின் மூச்சையே பார்க்கிறார். குறளின் ‘உயிர்மருட்டல்’ இதுதான். இந்த வித்தைக்கு வேறு கலைச்சொல் தேட வேண்டாம்.

பொய்க்கால் என்றதும் நமக்குத் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை நினைவுக்கு வருவது இயல்பு. அது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கூடு; ஆடுபவர் மறைவதில்லை, குதிரை மேல் அமர்ந்த அரசராகவே தெரிகிறார். எனவே அதை இவற்றின் உறவினர் எனலாமே தவிர, இவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட முடியாது. மாயோள், அதாவது கொற்றவை, பொய்க்கால் கட்டி ஆடிய மரக்கால் கூத்தையும் திருமகள் ஆடிய பாவைக் கூத்தையும் சிலப்பதிகாரம் தன் பதினோராடல் வரிசையில் அடுத்தடுத்து வைத்திருப்பது, அந்த ஒட்டகச்சிவிங்கியை எண்ணும்போது ஒரு சுவையான தற்செயல்.

பெரிய விலங்குருவுக்கு ‘மாப்பாவை’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அரிமா, பரிமா என்பவற்றில் மா விலங்கு. மாநகர், மாகடல் என்பவற்றில் மா பெரியது. தனியே நின்றால் குதிரையையும் குறிக்கும். சோகோபா இரண்டு கூறுகளில் சொல்வதைத் தமிழ் ஓரெழுத்தில் சொல்லிவிடுகிறது. மாவில் பிடித்த பொம்மை என்று யாரேனும் நினைப்பார்கள் என அஞ்சினால், நிகழ்ச்சி அழைப்பிதழில் ‘விலங்குப் பாவை’ என்று அச்சிடுவதில் தவறில்லை. உள்ளே நிற்பவர் பாவைக்கூத்தர். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘ப்’ இல்லாமல் ‘மாபாவை’ என்று எழுதினால் விலங்கு போய்விடும், பெரிய பாவை மட்டுமே மிஞ்சும்.