கைதிக் கோவை, இடாப்பு, விளக்கமறியல்: சொல் விளக்கம்

சிறைச்சாலைக் கதை வந்தா எங்கட ஆக்கள் "பைல் எங்க கிடக்கு", "பைலில பேர் இருக்கோ" எண்டுதான் கேக்கிறவை, லோயரும் அப்பிடித்தான் கதைக்கிறார், கோட்டு வாசல்ல நிக்கிற தாய்மாரும் அப்பிடித்தான். இந்தப் பைலுக்கு எங்களிட்ட நல்ல தமிழ்ச் சொல் ஒண்டு இருக்கு, கோவை. இலங்கை அரசாங்கக் கடிதங்களில இப்பவும் வாற சொல்தான். ஒரு ஆளைச் சிறையில எடுத்த நேரம் தொட்டு வெளியில விடுற நேரம் வரைக்கும் அந்த ஆளைப் பற்றின பத்திரம் எல்லாம் ஒண்டாச் சேர்ந்த கட்டு, அதுதான் கைதிக் கோவை.

கோ எண்டது வினை. பூக் கோக்கிறம், மணி கோக்கிறம், ஊசியில நூல் கோக்கிறம், அதில பிறந்த பெயர்தான் கோவை. தமிழ்நாட்டில இதே வினையில இருந்து கோப்பு எண்டு எடுத்திருக்கினம், அங்க கோவை எண்டு சொன்னா கோயம்புத்தூர் எண்டு நினைப்பினம். எங்களுக்கோ தண்டனைச் சட்டக்கோவை, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை எண்டு சட்டத்தின்ர பேரிலயே இந்தச் சொல் இருக்கு, பிரிவு பிரிவாக் கோத்து வைச்சது எண்ட கருத்தில. வேலியில படர்ற கோவைக்கொடி வேற சொல், அதை இதோட சேர்க்கக் கூடாது. பைல் எண்ட ஆங்கிலச் சொல்லும் லத்தீனில நூலைக் குறிக்கிற பிலும் எண்ட சொல்லில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, அந்த நாளில பத்திரங்களை நூலிலயோ கம்பியிலயோ குத்திக் கோத்து வைச்சிருக்கினம். எங்கட ஏட்டுச் சுவடியும் துளை போட்டு நூல் கோத்ததுதான். அதால கோவை எண்டு எழுதினா கருத்து ஒரு துளியும் விலகாது, கூசாமல் எழுதலாம்.

கைதி எண்டதைக் கன பேர் கையில விலங்கு போட்டதால வந்த சொல் எண்டு நினைக்கினம். அது கையோட சம்பந்தப்பட்டதே இல்லை. அரபியில கைத் எண்டா கட்டு, தளை, அதே சொல்லுக்கு ஏட்டில பதியிறது எண்டும் ஒரு பொருள் இருக்கு, அது உருது வழியா கைதி எண்டு எங்களிட்ட வந்து சேர்ந்தது. தமிழா வேணுமெண்டா சிறைப்பட்டவர் எண்டு எழுதலாம். ஆனா கைதி எல்லாருக்கும் விளங்கிற சொல், அதை மாத்தி ஆக்களைக் குழப்பத் தேவையில்லை எண்டது என்ர எண்ணம்.

இனி இடாப்பு. பள்ளிக்கூடத்தில ரீச்சர் டாப்புக் கூப்பிடுறது எண்டு சொல்லுவமே, அதுதான். டகரம் தமிழில சொல்லுக்கு முதல்ல வராது, அதால எழுதேக்க முன்னால ஒரு இகரம் போட்டு இடாப்பு எண்டு ஆக்கினவை, சொல் வெளியில இருந்து வந்தது எண்டு அந்த டகரமே காட்டிக் குடுக்குது. வாக்காளர் இடாப்பு, வரவு இடாப்பு எண்டு எங்கட நாட்டில ஊறிப் போச்சு. தனித் தமிழ் பதிவேடு. இடாப்பையும் கோவையையும் ஒண்டா நினைக்கிறவை கனக்க, ரெண்டும் வேற வேற. இடாப்பு எண்டது எல்லா ஆக்களுக்கும் ஒரே புத்தகம், ஒரு ஆளுக்கு ஒரு வரி, எந்த நாள் எத்தினை மணிக்கு வந்தவர், எந்தக் கோட்டுக் கட்டளையில வந்தவர், எப்ப விட்டது அல்லது எங்க மாத்தினது. கோவை எண்டது ஒரே ஒரு ஆளுக்கு உரியது. கோவை துலைஞ்சாலும் அந்த ஆள் அங்க இருந்தவர் எண்டதுக்கு இடாப்பில ஒரு வரி மிஞ்சும், ரெண்டும் வேணும் எண்டு சொல்லுறது அதுக்காகத்தான்.

விளக்கமறியலையும் சொல்ல வேணும். தமிழ்நாட்டில மறியல் எண்டா றோட்டை மறிக்கிற போராட்டம், யாழ்ப்பாணத்தில மறியல் எண்டா சிறை, மறியலில போட்டினம், மறியலால வந்தவன் எண்டெல்லாம் கதைக்கிறம். மறி எண்டா தடுத்து வைக்கிறது, விளக்கம் எண்டா எங்கட கோட்டுத் தமிழில வழக்கு விசாரணை. விசாரணை முடியும் மட்டும் தடுத்து வைக்கிறது விளக்கமறியல், இந்தியாவில நீதிமன்றக் காவல் எண்டினம். கோவைக்கு இது முக்கியம். தண்டனைக் கைதியின்ர கோவையில விடுதலைத் திகதி சரியாக் கணக்குப் பாத்து எழுதியிருக்க வேணும், விளக்கமறியல் கைதியின்ர கோவையில அடுத்த தவணைத் திகதி இருக்க வேணும், அது பிழைச்சா ஆளைக் கோட்டுக்குக் கொண்டு போகாமல் விட்டிடுவினம், தவணை தள்ளிப் போகும், ஆள் உள்ளுக்கையே கிடப்பார்.

எங்கட சிறைகள் இப்பவும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழதான் நடக்குது, இடைக்கிடை திருத்தம் செய்திருக்கினம். கோவையில என்ன இருக்க வேணும் எண்டதை ஆகத் தெளிவாச் சொல்லுறது, கைதியளை எப்பிடி நடத்த வேணும் எண்ட ஐ.நா.வின்ர நெல்சன் மண்டேலா விதிகள். முதல்ல 1955இல வந்தது, 2015 டிசம்பரில திருத்தி இந்தப் பேர் வைச்சவை, 6 தொடக்கம் 10 வரையான விதிகள் முழுக்க இந்த விசயம்தான். செல்லுபடியான கட்டளை இல்லாமல் ஒருதரையும் உள்ளுக்க எடுக்கக் கூடாது. எடுக்கேக்க ஆள் ஆர், ஏன், எந்த அதிகாரி பிடிச்சது, எங்க எத்தினை மணிக்குப் பிடிச்சது எண்டு எழுத வேணும், உடம்பில கண்ணுக்குத் தெரியிற காயம் என்னென்ன, அடிச்சவை எண்டு ஆள் முறைப்பாடு சொன்னா அது, கொண்டு வந்த மணிக்கூடு, மோதிரம், காசு, பிள்ளையள் இருந்தா அவையின்ர வயசு, இப்ப ஆரோட நிக்கினம், அவசரத்துக்கு ஆருக்கு அறிவிக்கிறது. இந்தக் காய வரியை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறனான். இடது தோளில கண்டல், வலது முழங்காலில உரசல் எண்டு வந்த அண்டைக்கே ஒரு வரி எழுதிப் போட்டா, அந்தக் காயம் உள்ள வர முதலே வந்ததோ பிறகு வந்ததோ எண்டு பேந்து ஒருதரும் புரட்டிச் சொல்லேலாது. உள்ளுக்க ஆள் செத்தா எப்பிடிச் செத்தவர், உடல் எங்க போனது எண்டதும் கோவையில ஏற வேணும். 1983 யூலை 25இலயும் 27இலயும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில 53 தமிழ்க் கைதியளைக் கொலை செய்ததை அறிஞ்ச எங்கட சனத்துக்கு இந்த விதி ஏன் எண்டு ஒருதரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பேர்தான் எங்கட பக்கத்துப் பெரிய சிக்கல். தகப்பன்ர பேர் முன்னுக்கு, தன்ர பேர் பின்னுக்கு எழுதுறது எங்கட வழக்கம், அதை அறியாத எழுதுவினைஞர் தகப்பன்ர பேரில பதிஞ்சு போடுவார், தாய் மகன்ர பேரைச் சொல்லித் தேடுவா, அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டு பதில் வரும். இதுக்கு மேல சிங்களத்தில எங்கட ழகரம் இல்லை, தமிழில இருந்து சிங்களம், அதில இருந்து ஆங்கிலம், திரும்பத் தமிழ் எண்டு போனா ஒரே ஆள் மூண்டு பேரில நிப்பார். அடையாள அட்டை இலக்கம் அதால கட்டாயம், அதிலயும் பழசு 9 இலக்கத்தோட ஒரு எழுத்து, 2016இல இருந்து புதுசு 12 இலக்கம், ஒரு ஆளுக்கு ரெண்டும் இருந்தா ரெண்டையும் எழுதிறதுதான் நல்லம். வலிந்து காணாமல் ஆக்கப்படுறதுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல ஏற்றது, 2018இன் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அந்தச் சமவாயத்தின்ர 17ஆம் உறுப்புரை, எந்த இடத்தில அடைச்சு வைச்சாலும் இடாப்பு இருக்க வேணும், மாத்தினா எங்க மாத்தினது எண்டும் எழுத வேணும் எண்டு சொல்லுது.

எழுதினாப் போதாது, காக்கவும் வேணும். புத்தகம் எண்டா ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் போட்டுக் கையெழுத்து வைக்க வேணும் எண்டுது மண்டேலா விதிகளின்ர 6ஆம் விதி, பக்கம் கிழிபட்டா உடன தெரிய வரும். கொம்பியூட்டர் எண்டா ஆர் திறந்தது, ஆர் என்னத்தை மாத்தினது எண்டு தடம் நிக்க வேணும், இதைக் கணக்காய்வுத் தடம் எண்டு சொல்லலாம். கோவையை வேலைக்குத் தேவையான ஆள் மட்டும்தான் பாக்கலாம். வருத்தக் குறிப்பு இன்னும் அந்தரங்கம், வேற சிறைக்கு மாத்தேக்க அதுவும் கூடப் போக வேணும், ஆனா கண்ட நிண்ட ஆள் வாசிக்கேலாது. விடுதலையாகி ஊருக்கு வந்து கடை போட்டு, கலியாணம் செய்து இருக்கிற ஒருதற்ற பழைய கோவைப் பக்கம் போட்டோவா வட்ஸ்அப்பில சுத்தினா அந்தக் குடும்பத்துக்கு அது ரெண்டாவது தண்டனை, அதைச் செய்யிறவையில எனக்குக் கடுங்கோவம். தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கு.

அதே கோவையைச் சம்பந்தப்பட்ட ஆள் பாக்கலாம். தன்னைப் பற்றின பதிவைப் பாக்க உரிமை இருக்கு, விடுதலையாகேக்க உத்தியோகபூர்வப் பிரதி கேக்கலாம், இது மண்டேலா விதிகளின்ர 9ஆம் விதி. எங்கட நாட்டில தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இன் 12ஆம் இலக்கம், தமிழிலயே எழுதிக் குடுக்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தீர்மானம் சொல்ல வேணும். எழுதேக்க "பைலைத் தாங்கோ" எண்டு விட்டிட்டு, "இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை விளக்கமறியலில் இருந்த என்னுடைய கைதிக் கோவையின் உறுதிப்படுத்திய பிரதியும், அனுமதி இடாப்பில் எனது பெயர் உள்ள பக்கத்தின் பிரதியும் வேண்டும்" எண்டு ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்கோ, கீழ அடையாள அட்டை இலக்கத்தையும், பேர் எந்தெந்த விதமா எழுதப்பட்டிருக்கலாமோ அத்தினையையும் போடுங்கோ.