"ரொம்பச் சாது, டாக்டர்"

கீழக்கரையிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் வாளியில் ஆமையோடு வந்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும், மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் அதே ஆமைதான். "முன்னெல்லாம் கிட்டப் போனாலே டபக்குன்னு தண்ணிக்குள்ள குதிச்சிடும் டாக்டர். இப்ப நல்லாப் பழகிடுச்சு, கையில வச்சாலும் பேசாம இருக்கு" என்றான். கூட வந்த அவன் உம்மாவும், "ரொம்பச் சாது, டாக்டர்" என்றார்.

ஊர்வன வளர்ப்பவர்கள் வாயிலிருந்து நான் கேட்டுப் பயப்படும் சொல் இந்தச் 'சாது'.

வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஆமை இடப்பக்கம் சாய்ந்தே மிதந்தது. நேராக்கி விட்டால் மறுபடி சாய்ந்தது. மூக்கு நுனியில் சின்னதாய் ஒரு குமிழி. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நுரையீரலில் ஒரு பக்கம் சளி கட்டினால் அந்தப் பக்கம் காற்று குறையும், உடம்பு சாய்ந்துவிடும். நிமோனியா. குதிக்கத் தெம்பில்லாமல் கையில் கிடந்ததைத்தான் வீட்டில் பழக்கம் என்று நினைத்திருந்தார்கள்.

விசாரித்தால், தொட்டி இருந்தது ஏசி அறையில். ஏறி உட்கார ஒரு கல்கூட இல்லை. இந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். ஏறிக் காயும் இடம் 30-க்கு மேல் போக வேண்டும். வெளியே இராமநாதபுரத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஆமை குளிரில் நோயாகிக் கிடக்கிறது!

நாய் வாலை ஆட்டும், பூனை உரசும். ஊர்வனவற்றின் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியாது. நிற்கும் விதம், நிறம், மூச்சு, இந்த மூன்றையும்தான் படிக்க வேண்டும். இதை நாம் அறியாதவர்களும் அல்ல. வேலி ஓணான் தலையாட்டுவதைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? கழுத்து சிவந்தால் ரத்தம் உறிஞ்சுகிறது என்று சொல்லிக் கல்லெறிவார்கள். பாவம் அது, இனப்பெருக்கக் காலத்தில் 'இது என் இடம்' என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது. பச்சை இகுவானா என்னும் பெரிய வெளிநாட்டு ஓணான் தலையாட்டி, தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரிப்பதும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான். கூடவே உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி வாலை வளைத்தால் கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது சவுக்கடி.

தடவும்போது இகுவானா கண்ணை மூடுவதைச் சுகம் என்று நினைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். பெரும்பாலும் அது 'எப்போது விடுவாய்' என்று பொறுத்துக்கொண்டிருப்பது. நிறம் கறுத்தால் குளிர் அல்லது மன அழுத்தம். வாய் திறந்திருப்பது மட்டும் குழப்பும். வெயில் காயும்போது சூட்டைத் தணிக்கத் திறந்தால் பயமில்லை. நிழலிலும் திறந்தே கிடந்து, மூச்சில் சத்தமும் வந்தால் அன்றைக்கே தூக்கி வாருங்கள்.

பால் பைத்தான் (ball python) என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பு பந்தாகச் சுருள்வது பயத்தில். கழுத்தை 'எஸ்' போல மடித்தால் கொத்தத் தயாராகிறது. கண் நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை மங்கும், கோபமும் சீக்கிரம் வரும். சும்மா விடுங்கள்.

இரண்டு ஆமைகளைச் சேர்த்து வளர்ப்பவர்கள், ஒன்று முன்கால் நகங்களை மற்றதன் முகத்துக்கு நேரே படபடவென்று ஆட்டுவதைப் பார்த்து, "சண்டை போடுது" என்று வருவார்கள். பெரும்பாலும் அது ஆண், பெண்ணிடம் காதல் சொல்வது. ஃபீஸ் வாங்கவே கூச்சமாக இருக்கும்.

அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமையை வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். கையை நீட்டினால் அது தலையை இழுத்து 'உஸ்' என்கிறது. சீறல் மாதிரிக் கேட்டாலும், பயந்து உள்ளே ஒடுங்கும்போது நுரையீரல் காற்று வெளியேறும் சத்தம்தான். அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்தில் அது, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் கிடைத்த கடலாமைக் குஞ்சும் அப்படியே. வாளிச் சுவரில் முட்டி முட்டித் துடுப்படிப்பதை விளையாட்டு என்று ரசிக்காதீர்கள், கடலுக்குப் போகத் துடிக்கிறது. வனத்துறைக்குச் சொல்லுங்கள். இகுவானா, பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிவப்புக் கோட்டு ஆமை பெரிதாகிவிட்டது என்று ஊரணியில் விடாதீர்கள். அது வெளிநாட்டு இனம், நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி ஒட்டும்.

அந்தப் பையனின் ஆமைக்கு முன்காலில் ஊசி போட்டோம். தொட்டி ஏசி அறையைவிட்டு வெளியே வந்தது, ஏறி உட்காரச் செங்கல் ஒன்றும் வந்தது. நான்காவது வாரம் அதே வாளியோடு வந்தான். மூடியைத் திறந்ததும் ஆமை படாரென்று தண்ணீருக்குள் பாய்ந்தது. என் சட்டையெல்லாம் தண்ணீர்.

"மறுபடி பயப்பட ஆரம்பிச்சிடுச்சு, டாக்டர்" என்றான், முகம் வாடி.

"அதுதான் தம்பி வேணும்" என்றேன்.