ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்: தமிழில் இவரை என்னவென்று கூப்பிடுவது?

கோவையில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக டெலவேர் மாநிலத்தில் ஓர் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி வகை) பதிந்து வைத்திருக்கிறார். "ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்னு ஒருத்தர் மெயில் அனுப்பிட்டே இருந்தார். ஏதோ இன்சூரன்ஸ் ஆள்னு நினைச்சு அழிச்சுட்டேன்" என்றார் ஒருநாள். அழித்தது வரி நினைவூட்டல். டெலவேரில் எல்.எல்.சி.க்கு ஆண்டு வரி 300 டாலர். ஜூன் 1க்குள் கட்ட வேண்டும். தவறினால் 200 டாலர் அபராதம், அதன் மேல் மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி. நண்பரையும் குறை சொல்ல முடியாது. பெயர் அப்படி.

'பதிவு பெற்ற முகவர்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? ரெராவில் பதிந்த வீட்டுமனைத் தரகர். இல்லையென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து பவர் வாங்கிய பவர் ஏஜென்ட். இவர்கள் நமக்காகப் பேசுவார்கள், விற்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அமெரிக்க ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டுக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது. கம்பெனி மேல் யாராவது வழக்குப் போட்டால் அழைப்பாணையை, அதாவது சம்மனை, வாங்கிக்கொள்வார், அரசு அனுப்பும் அறிவிப்பை வாங்கிக்கொள்வார், இரண்டையும் உரியவருக்கு அனுப்பிவைப்பார். அவ்வளவுதான் வேலை. 'ரெஜிஸ்டர்டு' என்பது அவர் வாங்கிய தகுதிச் சான்று அல்ல. மாநில அரசின் கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயரும் முகவரியும் ஏறியிருக்கின்றன என்று மட்டுமே பொருள்.

இப்படி ஓர் ஆள் எதற்கு? மனிதர் மேல் வழக்கென்றால் வீடு தேடிப்போய் சம்மன் கொடுக்கலாம். கம்பெனிக்கு ஏது வீடு? 1839இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கம்பெனி தன்னை உருவாக்கிய மாநிலத்தில்தான் குடியிருக்கிறது என்றது. கம்பெனிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. இந்தியானா மாநிலத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒஹாயோவில் பாலிசி விற்றுவிட்டு, பணம் கேட்டு வழக்கு வந்தால் 'நாங்கள் இந்த ஊர் இல்லையே' என்று கைவிரிக்கலாம். ஒஹாயோ இதற்கு ஒரு சட்டம் போட்டது: இங்கே உனக்காக பாலிசி விற்கிற ஏஜென்ட்டிடம் சம்மன் கொடுத்தால் உனக்கே கொடுத்த மாதிரி. 1850களில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்த வழியில்தான் மாநிலங்கள் ஒவ்வொன்றாக 'எங்கள் எல்லைக்குள் ஓர் ஆளைக் காட்டு' என்று கேட்கத் தொடங்கின. பெயர்தான் இன்றும் ஒன்றுபோல் இல்லை. மிச்சிகன், மேரிலாந்தில் ரெசிடென்ட் ஏஜென்ட். ஒஹாயோ, அரிசோனாவில் ஸ்டாட்யூட்டரி ஏஜென்ட். கலிபோர்னியா மட்டும் வேலையையே பெயராக வைத்து 'சம்மன் வாங்கும் ஏஜென்ட்' என்கிற பொருளில் சொல்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் உருவாகாததற்கும் காரணம் உண்டு. இந்தியக் கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் என்று ஒன்று கட்டாயம்; சம்மன் கொண்டுவரும் கோர்ட் அமீனா அங்கே போய்க் கொடுத்தால் போதும். இங்கே கடை திறக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் சிக்கல். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 380ஆம் பிரிவு, அழைப்பாணையை ஏற்க அதிகாரம் பெற்ற, இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் கொடு என்கிறது. ஆள் உண்டு, அவருக்கு ஒரு சுருக்கப் பெயர் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ஏஜென்ட்டின் வேர் 'செய்' என்னும் பொருள் கொண்ட லத்தீன் வினை. நம் ஆளோ வாங்கிக் கொடுப்பதைத் தவிர எதுவும் செய்வதில்லை. 'முகவர்' இங்கே ஏஜென்ட்டைவிட நன்றாகப் பொருந்துகிறது. முகவர், முகவரி இரண்டிலும் இருப்பது முகம்தான். இவர் தருவதும் ஒரு முகவரியைத்தான். ஆகவே 'அழைப்பாணை ஏற்பு முகவர்' என்பது என் பரிந்துரை. பேச்சில் 'ஏற்பு முகவர்' போதும். 'பதிவு முகவர்' வேண்டாம். பத்திரம் பதிந்து தருகிறவர் என்று நினைப்பார்கள்.

அந்த முகவரியின் மகிமையைப் பார்க்க டெலவேரின் வில்மிங்டன் நகரத்து நார்த் ஆரஞ்ச் தெரு 1209ஆம் எண்ணுக்குப் போக வேண்டும். ஒரே தளம் கொண்ட அலுவலகம். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அதுதான் சட்டப்படியான முகவரி. எல்லாம் ஏற்பு முகவர் ஒருவரின் கைங்கர்யம்.

டெலவேரில் வசிப்பவர் தானே ஏற்பு முகவராக இருந்துகொள்ளலாம். கோவையில் இருப்பவர் அங்கே ஓர் ஆளை, பெரும்பாலும் காசு கொடுத்து, வைத்தே ஆக வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியில் பாருங்கள். முதல் வருடம் இலவசம் என்பார்கள், இரண்டாம் வருட பில்லில் தெரியும். முதலில் கேட்க வேண்டியது, வந்த தாளை அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்களா, ஒருவருக்கு மேல் அனுப்புவார்களா என்பது. அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் சம்மனுக்குப் பதில் சொல்ல 21 நாள்தான். அந்த நாள் முகவர் கையில் கொடுத்ததிலிருந்து ஓடும், நீங்கள் மெயிலைத் திறந்ததிலிருந்து அல்ல. விட்டால் நம்மூர் பாஷையில் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரலாம். கலிபோர்னியாவிலும் கம்பெனியைப் பதிந்தால் அங்கேயும் ஒருவர் வேண்டும். கட்டணம் கட்டாமல் விட்டால் முகவர் விலகிக்கொள்ளலாம். புதியவரைப் போடாவிட்டால் டெலவேரில் கம்பெனியின் பதிவே போய்விடும்.

நண்பர் இப்போது அந்த மெயில் முகவரியை 'டெலவேர் அமீனா' என்று சேமித்து வைத்திருக்கிறார். அமீனா இல்லைங்க, அமீனாகிட்ட வாங்குறவர் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், இப்படி இருந்தாத்தான் பயந்து திறப்பேன்" என்கிறார்.